பணி ஏவும் கணினியும் அதன் காப்பு நகலும்



பள்ளியில் எவ்வேளையில் எந்த வகுப்பு என்பதைக் கால அட்டவணை வகுத்துவைக்கும். மணி அதனை அறிவிக்கும். பெரிய நிறுவனங்களின் கணினிகளிடையேயும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. எழுதிய நிரல்களைச் சோதித்தல், நள்ளிரவில் அறிக்கை தயாரித்தல் முதலிய வேலைகளை உரிய நேரத்தில் ஏவுவதற்கென்றே ஒரு சர்வர் இயங்கும். இவ்வகை மென்பொருள்களுள் பெயர்பெற்றது ஜெங்கின்ஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி 2004-ல் ஹட்சன் என்னும் பெயரால் தொடங்கிய இது, 2011-ல் இப்பெயரைப் பெற்றது.

இதன் உயிர்நிலை ஒரே கோப்புறைதான். ஒவ்வொரு வேலையின் விவரமும், அது முன்னர் ஓடிய வரலாறும், கடவுச்சொற்களும் அதனுள் அடங்கும். அதனைச் சுருக்கிக் கட்டி, தேதியிட்டு, வேறொரு கணினிக்கு அனுப்பச் சில வரிகள் கொண்ட ஸ்கிரிப்ட் போதும். வேலைகள் நடைபெறும் தற்காலிக இடத்தை விட்டுவிடலாம். அது மீண்டும் தானே உண்டாகும். இந்த ஸ்கிரிப்டை ஜெங்கின்ஸைக்கொண்டே ஏவுவோரும் உளர். எனக்கு அது உடன்பாடன்று. மணியடிப்பவரே நோயுற்றால் மருத்துவரை அழைக்க மணியடிப்பது யார்? இயங்குதளத்தின் கிரான் அதற்கு ஏற்றது.

கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் மூலச் சாவி ஒரு சிறு கோப்பு. அதனை நகலோடு சேர்த்து வைத்தால், திருடனுக்குப் பெட்டியும் சாவியும் ஒருங்கே கிடைக்கும். எடுத்துவைக்காமலே விட்டால், மீட்டெடுத்த கடவுச்சொற்கள் நமக்கே பயன்படா. ஆகவே அதனைத் தனியே வேறிடத்தில் காக்க வேண்டும்.

நகல் இருக்கிறது என்னும் நம்பிக்கை மட்டும் போதுமா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். அன்றாட நகலைத் தேடினால், அஃது இல்லை! நகலெடுக்கும் கருவி பழைய பதிப்பாதலால் தோற்றுக்கொண்டே இருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரிடம் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுத்த நகலே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட பதிவுகள் போயின.

எனவே நகலை அவ்வப்போது வேறொரு கணினியில் விரித்துப் பார்த்தல் வேண்டும். ஜெங்கின்ஸ் பதிப்பு ஒன்றாயிருக்க வேண்டும். கோப்புகளின் உரிமை ஜெங்கின்ஸ் பயனருக்கே இருத்தல் வேண்டும், இல்லையேல் அவற்றில் எழுத முடியாது அது தடுமாறும். அக்கணினியை வலையமைப்பிலிருந்து முதலில் துண்டித்துவிடுங்கள். மறந்தால், உயிர்பெற்ற நகலும் அட்டவணையைப் பார்த்து, அதே வேலைகளை இரண்டாம் முறை ஏவத் தொடங்கிவிடும்.