வயற் காவலுக்கு ஏற்ற மின்சூள்

பெரும்போக நெல் கதிரீன்ற நாள் முதல் சூடடிப்பு முடியும்வரை, வன்னியிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலும் கமக்காரர் இரவில் வயற் காவல் செய்வர். ரோச் லைற் என வழங்கும் மின்சூள் இதற்கு இன்றியமையாதது. ஆயினும், மிகத் தொலைவுக்கு ஒளி பாய்ச்சுவதே சிறந்ததென எண்ணிப் பலர் அதனையே வாங்குகின்றனர். நடப்பதற்கு அது உதவாது.

குமிழைச் சூழ்ந்த கிண்ணம் அகன்று, ஆழமாய், வழவழப்பாய் இருப்பின் ஒளி ஒடுங்கித் தொலைவுக்குச் செல்லும். கிண்ணம் ஆழங்குறைந்து தோடம்பழத் தோல்போற் சொரசொரப்பாய் இருப்பின், ஒளி அருகில் அகலப் பரவும். பெட்டியிற் காணப்படும் "லூமன்" மொத்த ஒளியின் அளவேயாம். தொலைவைத் தீர்மானிப்பது "கண்டெலா". 10,000 கண்டெலா விளக்கின் ஒளி 200 மீற்றரில் நிறைநிலா வெளிச்சமளவுக்குக் குறைந்துவிடும். 400 மீற்றருக்கு 40,000 கண்டெலா தேவை. பெட்டியிற் குறித்த தூரம் பெரும்பாலும் இம்மங்கலான எல்லையே. யானையையும் பற்றையையும் பிரித்தறிய அதன் அரைப்பங்கையே நம்புதல் வேண்டும்.

வரம்பில் நடக்கும்போது ஒடுங்கிய ஒளி முன்னே ஓரிடத்தைக் கூசச் செய்து, காலடியை இருளில் விட்டுவிடும். புடையனோ காலடியோசை கேட்டும் பெரும்பாலும் விலகாது கிடக்கும். ஆகவே நடைக்குப் பரவொளியே வேண்டும். அதனை இடுப்பளவிற் தாழ்த்திப் பிடித்தால், நிழல் விழுந்து பாம்பின் உடல் புலப்படும். நெற்றியிற் கட்டும் விளக்கு கைகளுக்கு வசதியானதே. ஆனால் தை மாதப் பனிமூட்டத்தில் அதன் ஒளி கண்ணுக்கே திரும்பி வழியை மறைக்கும். எவ்விளக்காயினும் முழங்காலளவு இறப்பர்ச் சப்பாத்துக்கு ஈடாகாது.

தூரவொளி விளக்கின் இடம் காவற் பரண். அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் யானைகளால் உயிரிழந்துள்ளனர். பரணிலிருந்து இறங்குமுன் காட்டோரத்தையும் போகும் பாதையையும் அவ்விளக்கால் முழுதும் துழாவுதல் வேண்டும். யானை தென்படின் இறங்கலாகாது. விளக்குக் கையிலிருக்கும் துணிவில் அதனை நெருங்கிச் செல்வோரையும் யான் கண்டதுண்டு, அஃது அறிவீனம்.

ஒன்றே வாங்க இயலுமெனில், யானை வராத ஊரில் பரவொளி விளக்குப் போதும். யானை வரும் ஊரில், நடுவே செறிந்த ஒளியும் சுற்றிலும் அகன்ற வெளிச்சமும் தரும் நடுத்தர விளக்கைத் தேர்க. தலைப்பகுதியை இழுத்து ஒளியை ஒடுக்கும் மலிவான வகைகளில் நீரும் தூசும் எளிதிற் புகும். கடைச் சுவரில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதால் ஒன்றும் விளங்காது. அயலாரின் விளக்கை ஓரிரவு இரவலாகப் பெற்று, நும் வரம்பிலேயே நடந்து பார்த்தபின் வாங்குக.