வண்ண மீனுக்கு நிறம் தரும் செண்டுமல்லி!

வண்ண மீன் வளர்ப்பில் விலையைத் தீர்மானிப்பது எடை அல்ல, நிறம். ஒரே வயது, ஒரே அளவுள்ள பொன்மீன்களில் பளிச்சென்று சிவந்தவை முதலில் விற்றுப்போகும். வெளிறியவற்றை வியாபாரி ஒதுக்கிவிடுவார், அல்லது அடிமாட்டு விலைக்குக் கேட்பார். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளுக்கு மீன் அனுப்பும் சிறு பண்ணையாளர்களின் லாபம் இந்த இடத்தில்தான் கரைகிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மீனின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு முக்கியக் காரணம் ‘கரோட்டினாய்டு’ என்ற நிறமி. இதை மீன் தானாகத் தயாரிக்க முடியாது. தீவனம் மூலம்தான் கிடைக்க வேண்டும். மண் குளத்துப் பச்சைத் தண்ணீரில் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வளரும் மீன் சிவந்திருப்பதும், தெளிந்த நீர் நிரப்பிய சிமென்ட் தொட்டியில் வெறும் தவிடும் பிண்ணாக்கும் தின்னும் மீன் வெளிறிப்போவதும் இதனால்தான்.

கைக்கெட்டும் நிறமிகள்

செண்டுமல்லி இதழில் ‘லூட்டின்’ என்ற மஞ்சள் நிறமி நிறைய உண்டு. விலை சரியும் நாட்களில் பறிகூலிக்கும் கட்டாமல் வீணாகும் பூவை இதற்குப் பயன்படுத்தலாம். காம்பையும் பச்சைப் பகுதியையும் நீக்கி, இதழை மட்டும் நிழலில் உலர்த்திப் பொடிக்க வேண்டும். ஒரு கிலோ பச்சை இதழுக்கு ஏறத்தாழ 100 கிராம் தூள் கிடைக்கும்.

ஸ்பைருலினா தூளும் நல்லது. பொன்மீன், கோய் கெண்டை இரண்டும் இதிலுள்ள மஞ்சள் நிறமியை உடலுக்குள் சிவப்பாக மாற்றிக்கொள்ளும். ஒரு கிலோ தீவனத்துக்கு 20 முதல் 50 கிராம் சேர்க்கலாம். கடலோரப் பகுதியினர் இறால் தலை, ஓட்டைக் கழுவிக் காயவைத்துத் தூளாக்கிச் சேர்க்கலாம். இறாலை வேகவைத்ததும் சிவக்கச் செய்யும் ‘அஸ்டாக்சாந்தின்’தான் மீனுக்கும் சிவப்பு தருகிறது.

ஒரு கிலோ தீவனம் தயாரிக்க...

கடலைப் பிண்ணாக்கு 300 கிராம், தவிடு 280 கிராம், கருவாட்டுத்தூள் 250 கிராம், மரவள்ளி மாவு 50 கிராம், தாது–வைட்டமின் கலவை 20 கிராம், செண்டுமல்லித் தூள் 100 கிராம்.

பிண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத்தூள், மரவள்ளி மாவு ஆகியவற்றைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து ஆறவிட வேண்டும். இதழ்த்தூளை இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெயில் குழைத்து, தாது–வைட்டமின் கலவையோடு ஆறிய மாவில் சேர்த்துப் பிசைய வேண்டும். கரோட்டினாய்டு எண்ணெயில் கரையும். சூட்டிலும் வெயிலிலும் சிதையும். அதனால்தான் ஆறிய பிறகு சேர்க்கிறோம். இடியாப்ப உழக்கில் பிழிந்து, நிழலில் காயவைத்து, மீனின் வாய்க்கேற்ப நொறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான இடத்தில் வைக்கலாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு கூடவே கூடாது.

காலையும் மாலையும், பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போட்டால் போதும். விற்பனைக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தினால் நிறம் மெல்ல மங்கும். முதலில் ஒரு தொட்டியில் கொடுத்து, பக்கத்துத் தொட்டி மீனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குக் கொடுப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

* பூச்சிமருந்து தெளித்த பூ வேண்டாம். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். சொந்தத் தோட்டத்தில் மருந்தில்லாமல் வளர்த்த பூவே பாதுகாப்பு.

* பொன்மீன், கோய் கெண்டை, வாள்வால் மீன், பிளாட்டி போன்றவற்றுக்கே இது பயன்படும். நீல நிறம் ஒளிச்சிதறலால் தெரிவது. கறுப்பை மீனே உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இந்தத் தூள் உதவாது.

* பீட்ரூட்டின் சிவப்பு கரோட்டினாய்டு அல்ல. அதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

* வெள்ளைத் தொட்டியில் மீன் வெளிறித் தெரியும். அடர்நிறத் தொட்டி நிறத்தை எடுத்துக்காட்டும்.

* தண்ணீர் கெட்டிருந்தாலும், நோய் இருந்தாலும் நிறம் ஏறாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சில இடங்களில் சீக்கிரம் நிறம் ஏற்ற ஹார்மோன் கலக்கிறார்கள். சாயம் ஊசி மூலம் ஏற்றுவதும் உண்டு. ஹார்மோன் மீனின் இனப்பெருக்கத் திறனைக் கெடுக்கும். சாயம் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கியவர் மறுமுறை அந்தப் பண்ணைப் பக்கம் வரமாட்டார். தீவனத்தில் ஏறிய நிறமே வாடிக்கையாளரைத் தக்கவைக்கும். தொட்டியோரம் நான்கு வரிசை செண்டுமல்லி நட்டால், அதற்கான மூலப்பொருள் வீட்டிலேயே கிடைத்துவிடும்.