கண்ணில் வளரும் சதை: வெயிலைத் தடுத்தால் தவிர்க்கலாம்

காலையில் முகம் கழுவும்போது உங்கள் கண்களைக் கண்ணாடியில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில், வெள்ளை விழியின் மேல் இளஞ்சிவப்பான மெல்லிய சதை ஒன்று முக்கோண வடிவில் கருவிழியை நோக்கி நீண்டிருக்கிறதா? அதைத்தான் கிராமங்களில் 'கண்ணில் சதை வளருது' என்கிறோம். மருத்துவர்கள் 'டெரிஜியம்' என்பார்கள். பலர் நினைப்பதுபோல இது கண்புரை அல்ல. புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் வருவது. இது கண்ணின் மேற்பரப்பில் வளர்வது.

உழவர், மீனவர், உப்பளத் தொழிலாளர், சாலைப் பணியாளர் என வெயிலில் உழைப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்ப நாடுகளில்தான் பாதிப்பு மிகுதி. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பகுதிக்குள் அடங்குகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகில் தொழில் செய்யும் 838 பேரை 1980-களில் ஆராய்ந்தார்கள். கண்ணில் புற ஊதாக்கதிர் அதிகம் பட்டவர்களுக்கே இந்தச் சதையும் அதிகம் இருந்தது.

வெயில் உள்ளே என்ன செய்கிறது?

பாராகுவாட் களைக்கொல்லி தெளித்த பிறகு நல்ல வெயில் அடித்தால், சில மணி நேரத்திலேயே களையின் இலைகள் வாடிக் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்து, இலை பிடிக்கும் வெயிலின் ஆற்றலைத் திசைதிருப்பி, ஆக்சிஜனைத் தீவிரமாக வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அது செல்களின் சவ்வைச் சிதைப்பதால் இலை கருகுகிறது.

வெயிலின் புற ஊதாக்கதிர் கண்ணில் படும்போதும் இதே வகை ஆக்சிஜன் பொருட்கள் உருவாகின்றன. அளவு மிகச் சிறிது. கண்ணீரில் உள்ள வைட்டமின் சி-யும், செல்களில் உள்ள சில நொதிகளும் அவற்றை அன்றாடம் அடக்கிவிடும். ஆனால் 20, 30 ஆண்டுகள் தொடர்ந்து வெயில் பட்டால், அடக்கும் சக்தியை மீறிச் சேதம் சேர்கிறது. இதை 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்கிறார்கள். அறுவை செய்து எடுத்த சதையைச் சோதித்தபோது, மரபணுவில் இத்தகைய சேதம் நடந்ததைக் காட்டும் பொருள் நல்ல படலத்தில் இருப்பதைவிட அதிகமாக இருப்பது தெரியவந்துள்ளது.

கருவிழிக்கும் வெள்ளை விழிக்கும் நடுவில் உள்ள விளிம்பு ஒரு வரப்பு மாதிரி. அங்கிருக்கும் தாய்ச்செல்கள் வெள்ளை விழியின் படலம் கருவிழிக்குள் நுழையாமல் காக்கின்றன. சேதத்தால் அந்த வரப்பு பலவீனமானால், வயலுக்குள் அறுகம்புல் ஏறுவதுபோலச் சதை கருவிழியில் ஏறுகிறது.

மூக்குப் பக்கம் ஏன் அதிகம்? பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைக் கருவிழி ஒரு லென்ஸ்போல வளைத்து, மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. இதை விளக்கியவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ. புழுதியும் காற்றும் எரிச்சலைக் கூட்டும். ஆனால் முதன்மைக் காரணம் வெயில்தான்.

உச்சி வெயில் மட்டும் அல்ல

உச்சி வெயிலுக்குப் புருவமும் இமையும் ஓரளவு நிழல் தரும். சூரியன் சாய்ந்திருக்கும்போது கதிர் நேராகக் கண்ணில் விழும். ஜப்பானின் கனாசாவா நகரில் பொம்மைத் தலையில் கருவி பொருத்தி அளந்தார்கள். சூரியனைப் பார்த்து நிற்கும் கண்ணில் காலை 8 முதல் 10 மணி வரையும், பிற்பகல் 2 முதல் 4 மணி வரையும் புற ஊதாக்கதிர் அதிகமாகப் பட்டது. நடவும் களையெடுப்பும் மும்முரமாக நடக்கும் நேரம் அதுதான்.

என்ன செய்யலாம்?

* தலையில் கட்டும் துண்டு மண்டையைக் காக்கும், கண்ணைக் காக்காது. சுற்றிலும் அகலமான விளிம்பு உள்ள ஓலைத் தொப்பியோ துணித் தொப்பியோ அணியுங்கள். கண்ணில் படும் புற ஊதாக்கதிரை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும்.
* பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி நல்லது. கறுப்பு நிறம் மட்டும் போதாது, 'யுவி 400' என்ற குறிப்பு இருக்க வேண்டும். பாலிகார்பனேட்டில் செய்த நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியும் புற ஊதாக்கதிரைத் தடுக்கும். மருந்து தெளிக்கும்போதும் அதுவே உதவும்.
* குழந்தைகளையும் தொப்பி அணியப் பழக்குங்கள். சேதம் சிறு வயதிலேயே சேரத் தொடங்குகிறது.
* கீரை, நெல்லிக்காய், கொய்யா உடலுக்கு நல்லவை. ஆனால் வளர்ந்த சதையைக் கரைக்கும் உணவோ மாத்திரையோ இல்லை.

சொட்டு மருந்து கரைக்காது

உறுத்தலுக்கும் வறட்சிக்கும் மருத்துவர் தரும் சொட்டு மருந்து இதம் தரும். சதையை அகற்றாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு உடனே மறைவதால் பலர் மாதக்கணக்கில் விடுகிறார்கள். அதனால் கண் நீர் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பே கெடலாம், புரையும் வரலாம். இலைச்சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கிருமித் தொற்று ஏற்பட்டால் கருவிழியில் புண்ணாகிப் பார்வை போகும்.

எப்போது அறுவை சிகிச்சை?

சிறிய சதைக்கு அவசரம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும். கண்மணியை நோக்கி வளர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ, அடிக்கடி சிவந்து உறுத்தினாலோ அகற்ற வேண்டும். கண்ணை மரத்துப்போகச் செய்து, சதையை எடுத்து, அதே கண்ணின் மேல் பகுதியிலிருந்து மெல்லிய படலத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவார்கள். ஒட்டு வைக்காமல் வெறுமனே வெட்டினால் பலருக்கு மீண்டும் வளர்ந்துவிடும். எனவே 'ஒட்டு வைப்பீர்களா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொல்லும்வரை சேற்று வேலையும் புழுதி வேலையும் கூடாது. தொப்பியும் கண்ணாடியும் அதன் பிறகும் தேவை.

சதை வேகமாகப் பெருத்தாலோ, மேலே வெள்ளைப் படிவோ முடிச்சோ தெரிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காதீர்கள். கண்ணின் மேற்பரப்பில் வரும் புற்றும் தொடக்கத்தில் இதுபோலவே தோன்றலாம்.

களப்பணியாளர்கள் மருந்து தெளிப்புப் பயிற்சியில் கையுறை, முகக்கவசம் பற்றிச் சொல்லும்போது, விளிம்புத் தொப்பியையும் கண்ணாடியையும் சேர்த்துச் சொல்லலாம். கூட்டத்துக்கு வருபவர்களில் கண்ணில் சதை தெரிந்தவர்களை அடுத்த கண் சிகிச்சை முகாமுக்கு அனுப்பி வையுங்கள்.