சாணக் குழியிலிருந்து மாம்பூவுக்கு

காட்பாடிப் பக்கத்து ஊர்களில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கோமியமும் சாணமும் ஊறித் தேங்கும் பள்ளத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒருமுறை பார்க்கலாம். அழுக்கு வெள்ளை நிறத்தில் புழுக்கள் நெளிந்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய வால் நீண்டால், அவை எலிவால் புழுக்கள். வளர்ந்த பிறகு இவற்றை நாம் தினமும் பார்க்கிறோம், தேனீ என்று நினைத்துக்கொள்கிறோம்.

பூவின் முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று விலகி, மறுபடி வந்து நிற்கும் ஈ இது. பூ ஈ என்று சொல்லலாம். உலகில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட சிர்ஃபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கொட்டத் தெரியாது. கொட்டும் பூச்சியின் வேஷம் மட்டும் போட்டிருக்கிறது. குருவி ஏமாந்தால் போதும்.

இந்தக் குடும்பத்தின் சில இனங்கள் இடத்தைப் பொறுத்தவரை மிகவும் பிடிவாதமானவை. எரிஸ்டாலிஸ் கிரிப்டாரம் என்ற சதுப்புநில ஈ பிரிட்டனில் இன்று டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஈரச் சதுப்புகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதற்கு 1794-இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஃபெப்ரீசியஸ். நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய பூச்சிகள் பலவற்றுக்கும் பெயரிட்டவர் அவரே. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் எரிஸ்டாலினஸ் குயின்குவெஸ்ட்ரியாட்டஸும் அதே ஆண்டு அவரிடம் பெயர் பெற்றது. டார்ட்மூர் ஈக்கு நெருங்கிய உறவு. ஆனால் இதற்குத் தனிச் சதுப்பு வேண்டாம், நம் வீட்டுக் கழிவுநீரே போதும்.

அந்த நீரில் இதன் புழு எப்படி வாழ்கிறது? அழுகல் மிகுந்த நீரில் பாக்டீரியா பெருகிக் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். மீன் செத்துவிடும். எலிவால் புழு சாகாது, ஏனென்றால் அது அந்த நீரில் மூச்சு விடுவதே இல்லை. வால் என்று நாம் பார்ப்பது அதன் மூச்சுக்குழல். பழைய ரேடியோவின் ஆன்டெனாபோல ஒன்றுக்குள் ஒன்று செருகிய பகுதிகளாக நீளும், சுருங்கும். இதே வகையைச் சேர்ந்த எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் புழுவின் உடம்பு 2 செ.மீ. இருந்தால் குழல் 15 செ.மீ. வரை நீளக்கூடும். நுனியில் நீர் ஒட்டாத மெல்லிய மயிர்கள் வளையமாக விரிந்து நீர்ப்பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. தலை அடிச்சேற்றில் மேய்கிறது, மூச்சு மேலே வெளிக்காற்றில் நடக்கிறது.

தின்பது பாக்டீரியாவை. கலங்கல் நீரை உறிஞ்சி, தொண்டையிலுள்ள சல்லடையில் வடித்து, நீரை வெளியே தள்ளிவிடுகிறது. சரி, சுற்றிலும் கிருமி மொய்க்கும்போது அதன் தோல் ஏன் அழுகுவதில்லை? 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் புழுவின் தோலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணுக்கு எட்டாத நுண்தூண்கள் நெருக்கமாக நிற்பது தெரிந்தது. கிருமிகள் ஒட்டிப் படலம் கட்டாமல் அவை காக்கக்கூடும் என்கிறார்கள். இந்தப் புழுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே என்னை அதிகம் வியக்கவைத்தது இதுதான்.

செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பழங்காலக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் நம்பினார்கள். விவிலியத்தில் சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலுக்குள்ளும் தேனீக்கள் வருகின்றன. ரஷ்யத் தூதரக அதிகாரியாக இருந்த பூச்சியியலாளர் ஆஸ்டன்-சாக்கன் 1894-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை சொன்னார்: அழுகிய உடலிலிருந்து கிளம்பியது தேனீ அல்ல, தேனீ வேஷம் போட்ட இந்த ஈ. மாட்டுத்தோலை நம்பி வாழும் நம் வட்டாரத்துக்குப் பொருத்தமான கதை.

பாலாற்றங்கரையில் கழிவுநீர் என்றாலே தோல் பதனிடும் டேனரி நினைவுக்கு வரும். ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நிலத்தடி நீர் கெட்ட கதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை நம் சட்டத்தில் ஊன்றிய வழக்கு அது. சாணக் குழியின் நாற்றத்தையும் டேனரி நீரையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. சாணத்தைத் தின்று தீர்க்கப் பாக்டீரியா உண்டு, பாக்டீரியாவைத் தின்னப் புழு உண்டு, புழு ஈயாகிப் பறந்துவிடும். டேனரி நீரிலுள்ள குரோமியத்தையும் உப்பையும் தின்று தீர்க்கும் உயிர் எதுவும் இல்லை.

வளர்ந்த புழு நீரைவிட்டு ஊர்ந்து காய்ந்த மண்ணுக்குப் போகிறது. அதன் தோலே இறுகிக் கூடாகிறது. உள்ளிருந்து வரும் ஈக்கு உணவு தேனும் மகரந்தமும். எரிஸ்டாலினஸ் ஏனியஸ் என்ற இனத்தை ஸ்பெயினில் மகரந்தச் சேர்க்கைக்காகவே வளர்த்து விற்கிறார்கள். நம் மாந்தோப்புகளில் அந்த வேலையில் ஈக்களுக்குப் பெரும்பங்கு உண்டு, கூலி கேட்பதில்லை.

தை, மாசியில் மாம்பூ விரியும்போது பூங்கொத்தில் மொய்ப்பவற்றைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு. முகமெல்லாம் கண்ணாக இருந்து, அந்தக் கண்ணில் புள்ளியோ பட்டையோ தெரிந்தால் அது எரிஸ்டாலினஸ்.