திருநாளைப்போவார்



உயிரின் இயல்பைக் கூறவந்த நம் சித்தாந்த ஆசிரியர்கள் அதனைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்றனர். பளிங்கு தனக்கென ஒரு நிறமின்றி, அருகிலுள்ள பொருளின் நிறத்தையே காட்டி நிற்கும். உயிரும் அத்தகையது. உடம்பைச் சார்ந்தால் 'யான் இவ்வுடம்பே' என்னும். ஊரார் உரையைச் சார்ந்தால் 'யான் இவ்வளவினனே' என்னும். திருவடியைச் சார்ந்தால் 'அடியேன்' என்னும். ஒருவன் தன்னை எத்தகையவனாக எண்ணுகிறானோ அவ்வெண்ணத்தின் அளவே அவன் முயற்சியும் உயர்வும் அமையும் என்று இக்காலத்தார் உரைப்பதும் இதனோடு ஒட்டியதே. ஆயினும் அவர்கள் எளிதாகக் கடந்து செல்லும் ஓரிடம் உண்டு. அதனைத் திருநாளைப்போவார் வரலாற்றில் வைத்துக் காண்போம்.

நந்தனார் என்றவுடன், அவரை வயல் வேலையில் வாட்டிய ஆண்டை ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். அவர் சேக்கிழார் பெருமான் காட்டியவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் வழியே நம்மிடை வந்தவர். பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுத்து நிறுத்தும் தனி மனிதர் எவருமிலர். அங்குள்ள தடை இதனினும் நுண்ணியது.

கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஆதனூரில், புலைப்பாடியில் அவர் பிறந்தார். குலத்தொழிலை அவர் விட்டுவிடவில்லை. அதனைச் சிவத்தொண்டாக மாற்றிக்கொண்டார். திருக்கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். எண்ணிப் பார்க்குந்தோறும் நெஞ்சை உறுத்தும் செய்தி இது. அவர் தந்த தோல் திருக்கோயிலுள் முழங்கிற்று. தந்தவரோ வாயிலின் புறத்தே நின்றார். ஆயினும் உலகம் இழிவென்று ஒதுக்கிய தொழிலை அவர் இறைவனுக்குரிய தொழில் என்று கண்டார். இவரது வளர்ச்சியின் முதற்படி இதுவே என்போம்.

திருப்புன்கூரில் சிவலோகநாதப் பெருமானை நேரே காண விழைந்தார். நந்தி மறைத்தது. பெருமான் நந்தியை விலகியிருக்கப் பணித்து, அவருக்குக் காட்சியளித்தருளினான். அவ்வூரில் அவர் திருக்குளம் ஒன்றையும் தோண்டினார்.

பின்னர்த் தில்லை மேல் காதல் மிக்கது. புறப்பட எண்ணுவார், 'அவ்விடத்தை அணுகும் தன்மை எனக்கு இல்லையே' என்று தளர்வார், ஆசை மீண்டும் எழ, 'நாளைப் போவேன்' என்பார். இவ்வாறு நாள்கள் கழிந்தன. இச்சொல்லைச் சோம்பலின் சொல்லாகக் கருதுவோர் உளர். நாம் அங்ஙனம் கருதுவதற்கில்லை. 'போகேன்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உலகம் இட்ட பெயர் 'இன்று இயலாது' என்றது; அன்பு 'நாளை' என்றது. அந்தச் சொல்லே அவர் திருப்பெயராயிற்று. திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் பிறப்பிலிட்ட பெயரை விடுத்து, இப்பெயராலேயே அவரைப் போற்றினார்.

இனி அந்த நுண்ணிய தடையைக் காண்போம். ஒருநாள் துணிந்து தில்லை சென்றடைந்தார். எல்லையைப் பன்முறை வலம் வந்தார், உள்ளே புகவில்லை. தம் பிறவியே தடையென்று வருந்தியவாறே துயின்றார். அவ்விடத்தில் அவரை எவரும் கைந்நீட்டித் தடுத்ததாகச் சேக்கிழார் கூறவில்லை. பிறர் வகுத்த அளவுகோல் அவர் நெஞ்சினுள்ளும் ஊன்றிவிட்டிருந்தது. நாடோறும் 'நீ புறத்தவன்' என்று கேட்டு வளர்ந்த உயிர், வாயில் அருகிருந்தும் நின்றுவிடுகிறது. ஆகவே, 'மனத்தைத் திடப்படுத்திக்கொள், எல்லாம் கைகூடும்' என்று அவ்வுயிரிடம் உரைப்பது எளிது. ஆனால் அது குற்றத்தை வருந்துவோன் மேலேயே சுமத்துவதாகும். இறைவன் அவ்வாறு உரைக்கவில்லை. தானே கனவில் வந்தான். தில்லைவாழந்தணர்க்கும் கனவில் உணர்த்தினான்.

அடியவர் தீயில் மூழ்கி, முனிவர் வடிவில் எழுந்து, அம்பலம் புகுந்து மறைந்தார். 'திருப்புன்கூரில் வேண்டப்படாத தீ தில்லையில் ஏன்?' என்று இன்று இளைஞர் கேட்கின்றனர். கேட்கத்தக்க கேள்வியே. முன்வினையுடல் நீங்கிற்று என்று உரைப்பார் பெரியோர். அவ்வுரை ஒருபுறமிருக்க, திருப்புன்கூரில் கல் விலகியது என்பதும், தில்லையில் மனிதர் எவரும் விலகவேண்டியிருக்கவில்லை என்பதும் நம் கண்ணுக்குத் தப்பலாகாது.

மனிதர் விலக நெடுங்காலம் சென்றது. 1939 சூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட அன்பர் சிலரை அழைத்துச் சென்றார். அவருள் ஒருவரான கக்கன், பின்னாளில் சென்னை மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அன்று மதுரையில் நுழைந்தவர்க்கு உள்ளத்துறுதி இருந்தது. உடன் நடந்தவர்க்கு விலகி வழிவிடும் நெஞ்சமும் இருந்தது.

வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகேதான் திருப்புன்கூர். செல்வோர் காணலாம்: அங்கே நந்தி இன்றும் நேர்நடுவில் இல்லை, சற்றே ஒதுங்கி அமர்ந்திருக்கிறது.