எந்தப் புரோபயாட்டிக் சிறந்தது?

வயிற்றுக்கு நன்மை தரும் பாக்டீரியாக்கள் என்று மருந்துக் கடைகளில் மாத்திரைகளும் பொடிகளும் சிறு குப்பிகளும் விற்கப்படுகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று நோயாளிகளும் உடனிருப்போரும் எங்களிடம் அடிக்கடி வினவுகின்றனர். எந்த நோய்க்கு, யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் இவ்வினாவுக்கு விடை கூற இயலும்.

ஆய்வகத்தில் இந்நுண்ணுயிரிகளைச் சில தகுதிகளைக் கொண்டு ஒப்பிடுகின்றனர். இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி உயிருடன் குடலை அடைகிறதா? குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறதா? நோய்க்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறதா? ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களைப் பிற கிருமிகளுக்குக் கடத்தாமல் இருக்கிறதா?

ஒவ்வொன்றின் இயல்பு வேறு

பேசில்லஸ் கிளாசி, கடினமான வித்து வடிவில் இருப்பதால் அமிலத்தை எளிதில் தாங்கும். சாக்கரோமைசிஸ் பௌலார்டி பாக்டீரியாவே அன்று. அது ஒருவகை ஈஸ்ட். எனவே ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அதனை அழிப்பதில்லை. பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அழித்துவிடும். லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஜி. என்பது அமிலத்தைத் தாங்கும் திறனும் குடலில் ஒட்டும் திறனும் உடையது என்பதற்காக 1980களில் மனிதக் குடலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆயினும் ஆய்வகத்தில் வென்ற பாக்டீரியா நோயாளியிடமும் வெல்லும் என்று கூற இயலாது. திடீர் வயிற்றுப்போக்கு கண்ட 971 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அமெரிக்காவில் இந்த ஜி.ஜி. வகையைக் கொடுத்து ஆராய்ந்தனர். 2018இல் வெளியான அதன் முடிவில், போலி மருந்து பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் விரைவில் குணமடையவில்லை. அதே பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்கினால் குழந்தைகளுக்கு உண்டாகும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதில் பயன் தந்துள்ளது. ஆகவே, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் மருத்துவர் கூறும் ஜிங்க் மருந்துமே முதன்மையானவை. புரோபயாட்டிக் அவற்றுக்கு மாற்றாகாது.

ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஓர் உள்வகையை, அது வளர உதவும் ஒரு சர்க்கரைப் பொருளுடன் சேர்த்துக் கொடுத்தனர். செப்சிஸ் என்னும் கடுந்தொற்றும் இறப்பும் சேர்ந்த விகிதம், பெறாதவர்களிடம் 9 விழுக்காடாகவும் பெற்றவர்களிடம் 5.4 விழுக்காடாகவும் இருந்தது. இப்பயன் அந்த உள்வகைக்கு உரியது. அதே குடும்பப் பெயர் கொண்ட அனைத்திற்கும் உரியதன்று.

தீங்கும் நேரலாம்

நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி கண்ட 298 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. பல பாக்டீரியாக்கள் கலந்த மருந்தைப் பெற்றோரில் 16 விழுக்காட்டினரும், பெறாதோரில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போர், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், கழுத்து அல்லது மார்புச் சிரையில் குழாய் பொருத்தப்பட்டோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரின் அனுமதியின்றி எந்தப் புரோபயாட்டிக்கையும் கொடுத்தல் கூடாது. ஈஸ்ட் அடங்கிய பொட்டலத்தை இத்தகைய நோயாளியின் படுக்கையருகே பிரிப்பதும் ஆகாது. கையிலும் காற்றிலும் பரவும் துகள்கள் குழாய் வழியே இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கக்கூடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• உள்வகை உட்பட நுண்ணுயிரியின் முழுப்பெயர், உயிருள்ள நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை, காலாவதி நாள், சேமிக்கும் முறை ஆகியவை உறையில் உள்ளனவா எனப் பாருங்கள்.
• சூடான பாலிலோ நீரிலோ கலக்காதீர்கள், நுண்ணுயிரிகள் இறந்துவிடும்.
• ஆன்டிபயாட்டிக் உட்கொள்வோர், பாக்டீரியா வகைப் புரோபயாட்டிக்கை ஏறத்தாழ இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்துக்கொள்ளலாம்.
• தயிர் நல்ல உணவு. எனினும் வீட்டுத் தயிரில் எந்த வகை எவ்வளவு உள்ளது என்பது நாளுக்கு நாள் மாறும். அதனை மருந்தாகக் கருத வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே புரோபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தால், அதன் உறையை அடுத்த முறை வரும்போது உடன் கொண்டுவாருங்கள். உங்கள் நோய்க்கு அது பொருந்துமா, தொடரலாமா என்பதை அதைப் பார்த்தே எங்களால் கூற முடியும்.