தோள்வலியும் உடற்பயிற்சியும்

தமிழ் வழக்கில் தோள் என்பது வெறும் உறுப்பின் பெயரன்று. இடுக்கண் வந்தபோது உதவுவதைத் 'தோள் கொடுத்தல்' என்கிறோம். வலிமையின் உறைவிடமாகக் கருதப்பட்ட அவ்வுறுப்பே நலிவுற்றால் ஆற்றுவது எவ்வாறு? நாற்பதாண்டு உழைத்த தோளுக்கு இனி ஓய்வே மருந்து என்பார் சிலர். உழைத்து உரமேறிய உடலுக்குத் தனியே பயிற்சி எதற்கு என்பார் வேறு சிலர். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு.

தோட்டத்து உழைப்பு

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களை நோக்கின் இது விளங்கும். அம்மாநிலத்துக் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்ச் சுங்கை சிப்புட் முதலிய இடங்களிற் பெருந்தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு 400 முதல் 600 மரங்கள் வரை வெட்டுவார். கீழ்ப்பட்டை தீர்ந்த முதிய மரங்களில் வெட்டு மேலே ஏறும். அப்போது நீண்ட காம்புடைய உளியைத் தலைக்குமேல் உயர்த்த வேண்டும். பிறகு மங்குகளிற் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாவில் மாட்டிச் சுமக்க வேண்டும். இன்று அத்தோட்டங்களிற் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் நெடுங்கழியின் நுனியிற் பொருத்திய அரிவாளால், அண்ணாந்து நின்று குலையறுக்கும் வேலையும் தோளையே வருத்துகின்றது.

வலியின் இடம்

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் அமர்ந்துள்ளது. சிறு தட்டின்மேல் வைத்த உருண்டையைப் போன்றது அது. ஆதலால் கை எத்திசையிலும் சுழலும். எளிதில் நிலைபெயரவும் கூடும். அவ்வுருண்டையை நடுவில் நிறுத்திப் பிடிப்பவை நான்கு தசைகள். அவை எலும்போடு சேருமிடத்தில் தசைநாண்களாக முடிகின்றன. மேலேயுள்ள தசைநாண், தோட்பட்டையின் முகட்டெலும்புக்குக் கீழே செல்கிறது. பெரும்பாலும் வலி தோன்றுவது இதிலேதான். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போதும், இரவில் அப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போதும் வலி மிகும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லசு நீர் என்பார், முகட்டெலும்பு தசைநாணை உரசுவதே இதற்குக் காரணம் என 1972இல் விளக்கினார். அவ்வெலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை மருத்துவம் அதன்பின் உலகெங்கும் பரவிற்று. ஆனால் இங்கிலாந்தில் 313 நோயாளரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைத் தந்தது. எலும்பைச் செதுக்கப்பெற்றோரும், செதுக்காமல் உள்ளே குழாயிட்டுப் பார்க்க மட்டும் பெற்றோரும் ஒரே அளவில் நலமடைந்தனர். ஆகவே வலிக்கு எலும்பின் உரசல் ஒன்றே காரணம் என்னும் கருத்துத் தளர்ந்தது.

உழைப்பும் பயிற்சியும்

தசைநாண் உயிருள்ள பொருள். சுமை அறவே இல்லையெனில் நலிகிறது. தாங்கும் அளவுக்கு மேற்படின் சிதைகிறது. அளவாக ஏறின் உரம் பெறுகிறது. உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது. உழைப்பின் அளவை வகுப்பது மரங்களின் எண்ணிக்கை. பயிற்சியின் அளவை வகுப்பது தசைநாணின் ஆற்றல். உழைப்பு ஒரே அசைவை ஒரே கையில் ஓயாது வேண்டுகிறது. பயிற்சியோ பயன்படாத தசைகளையும் தேடி எழுப்பி, இடையிடையே ஆறவும் விடுகிறது.

பயிற்சி முறை எளிதே. வலி மிகுந்த தொடக்கத்தில், மேசையை ஒரு கையாற் பற்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டு ஊசலைப்போல் மெல்ல ஆட்டலாம். அடுத்து, முழங்கையை மடக்கி விலாவோடு சேர்த்து, புறங்கையால் சுவரை அழுத்திப் பத்து நொடி நிற்கலாம். பின்னர், கதவிற் கட்டிய ரப்பர்ப் பட்டையைப் பற்றி, முழங்கை விலாவை விட்டு அகலாமல் முன்கையை வெளிப்புறம் இழுக்கலாம். நாளடைவில் அரை லிட்டர் நீர் நிறைந்த புட்டியைத் தோள் உயரம் வரை தூக்கிப் பழகலாம். அப்புட்டியின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. பயிற்சியின்போது சிறிதளவு வலி தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. மறுநாட் காலைக்குள் அது தணிய வேண்டும். தணியாவிடின் அளவைக் குறைத்தல் வேண்டும். தசைநாண் மெல்லத் தேறும் இயல்பினது. ஆதலின் பன்னிரண்டு வாரமேனும் பொறுமை வேண்டும்.

தொலைவும் செலவும்

ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் உள்தோட்டத்தில் வாழும் முதியவர்க்கு அங்குப் பலமுறை சென்று வருவது எளிதன்று. ஒரு நாட் கூலியையும் பேருந்துச் செலவையும் எண்ணிப் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டே இருந்துவிடுவர். அத்தகையோர்க்கு 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. இங்கிலாந்தில் 708 பேரிடம் அது நடைபெற்றது. இயன்முறை மருத்துவரிடம் ஆறு முறை வரை சென்றோரும், ஒரேமுறை தெளிவாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தோரும் ஓராண்டின் முடிவில் வேறுபாடின்றியே இருந்தனர். முதல்முறை சரியாகக் கற்பதே முதன்மை என்பது இதனாற் புலனாகும்.

எனினும் எல்லாத் தோள்வலியும் ஒன்றல்ல. விழுந்தபின் கையைத் தூக்கவே இயலாமை, காய்ச்சலோடு வீக்கம், கை மரத்துப்போதல் ஆகியவை இருப்பின் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் காண வேண்டும். மார்பில் இறுக்கமும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வரும் தோள்வலி நெஞ்சுநோயின் அறிகுறியாகலாம். அப்போது உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நீரிழிவு உள்ளோர்க்குத் தோள்மூட்டு முழுவதும் இறுகிவிடும் வேறொரு நோய் மிகுதியாக வருவதுண்டு. பிறர் பிடித்து அசைத்தாலும் அக்கை அசையாது. அதற்கு மருத்துவம் வேறு.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தின் நான்கு கூறுகளைத் திருவள்ளுவர் எண்ணுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்னும் அந்நான்கனுள் முதலில் நிற்பவர் நோயாளியே. தோள்வலியில் அம்முதன்மை வெளிப்படையாகவே தெரிகின்றது. மருத்துவர் வழிகாட்டலாம், மகளோ பேரனோ நாள்தோறும் நினைவூட்டலாம், பட்டையை இழுக்க வேண்டியது அவர் கையே. அந்த ரப்பர்ப் பட்டையிற் பல பால்மரத்தின் பாலிலிருந்து செய்யப்படுவன. ஒருகாலத்திற் கூலிக்காக அம்மரத்தை வெட்டிய கை, இன்று தன் நலத்திற்காகவே சிறிது நேரம் உழைக்கலாம்.